ஒரு வளவு பூங்காவான வரலாறு

ஒருவருக்குச் சொந்தமான காணியினூடாக ஊரவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறார்கள். கோயிலுக்கும் குளத்துக்கும் சந்தைக்கும் அதுவே அவர்களுடைய பாதை. ஒருநாள் காணிக்காரர் அந்தப் பாதையை வேலியிட்டு அடைத்துவிடுகிறார். "என் பாட்டனார் இரக்கப்பட்டு விட்ட வழி, இன்று எனக்கு விருப்பமில்லை" என்கிறார் அவர். "எங்கள் பாட்டன்மார் நடந்த வழி, இதை அடைக்க உமக்கு உரிமையில்லை" என்கிறார்கள் ஊரவர்கள். இத்தகைய வழக்குகளை நாம் அறியாதவர்களல்லர். நம் ஊர்களில் ஒரு முழ அகல ஒழுங்கைக்காக வருடக்கணக்காக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் உண்டு.

இதே வழக்கு, 1885ஆம் ஆண்டில், உரோமாபுரி நகரத்தில் எழுந்தது. அங்கே காணிக்காரர் ஓர் இளவரசர். நடந்து பழகிய ஊரவர்களோ ஒரு தலைநகரத்து மக்கள். வழக்குக்குரிய நிலம் நகரத்தின் மதிலை ஒட்டிக் கிடந்த பரந்த தோட்டம். 'வில்லா போர்கேசே' என்று உலகம் அழைக்கும் அந்தத் தோட்டத்தின் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உரோமாபுரியின் வடபுறத்தில், பழைய நகர மதிலுக்கு வெளியே, பிஞ்சியானா வாயிலை அடுத்து அமைந்திருக்கிறது அத்தோட்டம். போர்கேசே என்பது சியன்னா நகரத்திலிருந்து உரோமாபுரிக்கு வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தாருக்கு மதிலுக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. வேறு பல குடும்பங்களுக்கும் அவ்வாறே இருந்தன. அந்த ஒரு தோட்டம் மட்டும் உலகப் புகழ் பெறுவதற்குக் காரணமான நிகழ்ச்சி 1605ஆம் ஆண்டில் நடந்தது. அவ்வாண்டில் கமில்லோ போர்கேசே என்பவர் பாப்பரசராகத் தெரிவு செய்யப்பட்டு, ஐந்தாம் சின்னப்பர் என்னும் பெயரை ஏற்றார். சில வாரங்களுக்குள்ளேயே தம் சகோதரியின் மகனான சிப்பியோனே என்னும் இளைஞரைத் தம் குடும்பப் பெயரைச் சூட்டிக் கர்தினாலாகவும் உயர்த்தினார். அப்பொழுது சிப்பியோனேக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

பாப்பரசரின் மருமகன் என்பது அக்காலத்தில் வெறும் உறவுமுறை அன்று. அது ஏறக்குறைய ஓர் உத்தியோகம். ஆட்சிக் காரியங்கள் அவர் கையால் நடந்தன. பதவிகளும் மானியங்களும் வருமானங்களும் அவரை வந்தடைந்தன. அவ்வாறு குவிந்த செல்வத்தைக் கொண்டு சிப்பியோனே பக்கத்துக் காணிகளை ஒவ்வொன்றாக வாங்கிக் குடும்பத் தோட்டத்தோடு சேர்த்தார். பிளாமினியோ பொன்சியோ என்னும் கட்டடக் கலைஞர் தோட்டத்தின் நடுவே ஒரு மாளிகையை எழுப்பத் தொடங்கினார். 1613இல் அவர் இறந்தபின், ஒல்லாந்து நாட்டிலிருந்து வந்து உரோமாபுரியில் வாழ்ந்த யான் வான் சாந்தன் அந்தப் பணியைத் தொடர்ந்தார். வாழ்வதற்கென்று கட்டிய மாளிகையன்று அது. பகற்பொழுதில் விருந்தினரை வரவேற்கவும், சேகரித்த சிலைகளையும் ஓவியங்களையும் காட்டவும் கட்டியது. சுற்றிலும் சோலைகளும் நீரூற்றுக்களும் பறவைக் கூடுகளும் மான்களும் முயல்களும் திரியும் புல்வெளிகளும் உருவாயின.

அந்த மாளிகைக்குள் சேர்ந்த பொருள்கள் எல்லாம் நேர்வழியில் வந்தவை என்று சொல்வதற்கில்லை. 1607இல், தார்ப்பினோ எனப் புகழ்பெற்ற ஓவியரின் வீட்டில் அனுமதியின்றித் துப்பாக்கிகள் இருந்தன என்று குற்றஞ்சாட்டி அவரைக் கைது செய்தார்கள். அவர் வீட்டிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள் பறிமுதலாகி, பின்னர் கர்தினாலின் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டில் பெருசா நகரத்துத் தேவாலயம் ஒன்றிலிருந்து, ரபாயேல் தீட்டிய புகழ்பெற்ற பலிபீட ஓவியத்தை இரவோடிரவாகப் பெயர்த்து உரோமாபுரிக்குக் கொண்டுவந்தார்கள். அந்நகரத்தார் எவ்வளவோ முறையிட்டும் அது திரும்பிச் செல்லவில்லை. அதே கர்தினால்தான் இளைஞரான பேர்னினியின் மேதையை இனங்கண்டு, அவருக்குப் பொருளும் வாய்ப்பும் அளித்து, இன்றும் காண்பவரைத் திகைக்கவைக்கும் சலவைக்கற் சிலைகளைச் செதுக்கச் செய்தவர். பிறர் பொருளைப் பறித்த கையும் கலைஞரைப் போற்றிய கையும் ஒன்றாகவே இருந்தன.

இந்த மனிதரின் தோட்டத்தில் ஒரு கல்வெட்டு இருந்தது. இலத்தீன் மொழியில், தோட்டக் காவலன் வருவோரைப் பார்த்துப் பேசுவதுபோல எழுதப்பட்டது அது. வருகிறவன் யாராயினும் இங்கே சட்டமென்னும் விலங்குக்கு அஞ்சவேண்டியதில்லை. விரும்பிய இடத்துக்குப் போகலாம், விரும்பியதைப் பறிக்கலாம், விரும்பியபோது திரும்பலாம். இவையெல்லாம் உடையவனுக்கென்பதிலும் பார்க்க, வெளியிலிருந்து வருபவர்க்கென்றே அமைந்தவை. இது பொற்காலம், ஆகையால் இரும்புச் சட்டங்களை எழுதி வைக்க உடையவன் விரும்பவில்லை. நற்பண்பே இங்கு வருவோர்க்குச் சட்டம். இதுவே அதன் கருத்து. நற்பண்பை வேண்டுமென்றே மீறுபவன் நட்பை இழப்பான் என்னும் எச்சரிக்கை ஒன்றும் முடிவில் உண்டு.

இது பெருமைக்காகச் செதுக்கிய கல் என்பதில் ஐயமில்லை. பண்டை உரோமப் பிரபுக்களைப் போலத் தாமும் கொடையாளி என்று காட்டிக்கொள்ளும் ஆசை அக்காலத்துக் கர்தினால்மார் பலருக்கும் இருந்தது. இத்தகைய கல்வெட்டுக்கள் வேறு தோட்டங்களிலும் இருந்தன. இலத்தீன் படிக்கத் தெரிந்தவனுக்கே அந்த அழைப்பு விளங்கும் என்பதையும் மறக்கக்கூடாது. தொடக்கத்தில் வந்தவர்களும் பெரும்பாலும் கற்றோரும் பிறநாட்டுப் பயணிகளுமே. 1644இல் உரோமாபுரிக்கு வந்த ஆங்கிலேயரான ஜோன் எவ்லின் இத்தோட்டத்தைப் பார்த்து வியந்து தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆயினும் திறந்து வைத்த வாயிலுக்கு ஒரு தன்மை உண்டு. முதலில் விருந்தினர் வருவர். அவர்கள் பின்னே அயலவர் வருவர். அயலவர் பின்னே ஊரே வரும். காலம் செல்லச் செல்ல, நகரத்து மக்கள் மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் போர்கேசே தோட்டத்துக்கு உலாவச் செல்வது உரோமாபுரியின் வழக்கமாயிற்று.

சிப்பியோனே 1633இல் மறைந்தார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் அக்குடும்பத்துத் தலைவராயிருந்த நான்காம் மார்க்கந்தோனியோ தோட்டத்தைப் புதுப்பித்தார். ஆங்கில நாட்டு முறையைத் தழுவி, இயற்கையாய் அமைந்ததுபோலத் தோன்றும் ஓர் ஏரியும், அதன் நடுவே மருத்துவத் தெய்வமாகிய எஸ்குலாப்பியசுக்கு ஒரு சிறு கோயிலும் உருவாயின. குதிரை ஓட்டங்களுக்கும் விழாக்களுக்கும் ஏற்ற அகன்ற முற்றம் ஒன்று அமைந்தது. குடும்பத்தின் பூர்வீக நகரத்தை நினைந்து அதற்குச் 'சியன்னா சதுக்கம்' என்று பெயரிட்டார்கள். இந்த அமைப்புக்கள் யாவும் கூட்டம் வரும் என்று எதிர்பார்த்துச் செய்தவை.

அவர் மகன் கமில்லோ, நெப்போலியனின் தங்கையான பவுலினாவை 1803இல் மணந்தார். அந்த உறவின் விலையைத் தோட்டமே கொடுத்தது எனலாம். 1807இல் மாளிகையிலிருந்த பழம் சிலைகளுட் சிறந்தவற்றை மைத்துனராகிய பேரரசருக்குக் கமில்லோ விற்க நேர்ந்தது. அவற்றை இன்று பாரிஸ் நகரத்து லூவர் நூதனசாலையிற் காணலாம். ஆனால் அதே கமில்லோ, பிற்காலத்தில் லூயிஜி கனீனா என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு, தோட்டத்தை மேற்குப் பக்கமாக விரிவாக்கி, நகரின் பெருவாயில்களுள் ஒன்றான போப்பொலோ வாயிலுக்கு அருகே புதிய நுழைவாயில் ஒன்றையும் கட்டினார். முன்னர் ஒரு பக்கத்து மதில் வாயிலால் வந்த மக்கள் இப்பொழுது நகரத்தின் தலைவாசலிலிருந்தே உள்ளே நுழையலாயினர்.

1849இல், உரோமாபுரியில் எழுந்த குடியரசை அழிக்கப் பிரெஞ்சுப் படைகள் நகரை முற்றுகையிட்டன. அப்போரில் தோட்டத்து மரங்கள் பெருந்தொகையாக வீழ்ந்தன, கட்டடங்களும் சிதைந்தன. போர் ஓய்ந்தபின் மரங்களை மீண்டும் நட்டார்கள். மக்களும் மீண்டும் வந்தார்கள்.

மரத்தை வெட்டும் படையிலும் கொடிய ஆபத்து பின்னர் வந்தது. 1870இல் உரோமாபுரி இத்தாலிய இராச்சியத்தோடு இணைந்து, விரைவில் அதன் தலைநகரமாயிற்று. அமைச்சுக்களும் அலுவலர்களும் வணிகரும் வந்து குவிந்தனர். வீட்டுக்கு இடமில்லை, நிலத்தின் விலை வானளாவ உயர்ந்தது. நூற்றாண்டுகளாகச் சோலையாயிருந்த காணிகளை அளந்து, துண்டு துண்டாக்கி விற்பதே இலாபமான தொழிலாயிற்று.

போர்கேசே தோட்டத்துக்கு எதிரே, மதிலின் உட்புறத்தில், லுதொவீசி குடும்பத்தின் தோட்டம் இருந்தது. அதுவும் ஒரு பாப்பரசரின் மருமகனான கர்தினால் உண்டாக்கியதே. அழகில் இதற்குக் குறைந்ததன்று எனக் கண்டவர் பலரும் எழுதியிருக்கின்றனர். ஆனால் அதன் உடைமையாளர் எல்லாரையும் உள்ளே விடவில்லை. அனுமதிச் சீட்டுப் பெற்றவர்க்கே வழி. அதுவும் எளிதிற் கிடைப்பதன்று. 1880களில் அதன் உரிமையாளர் அதனைக் கட்டடக் கம்பெனியாரோடு உடன்படிக்கை செய்து வீட்டு நிலமாக்கினார். நூற்றாண்டு கண்ட மரங்கள் சில மாதங்களிற் சாய்ந்தன. பிற நாட்டு எழுத்தாளரும் அறிஞரும் கண்ணீர் வடித்துக் கட்டுரைகள் எழுதினார்கள். ஆயினும் அந்தத் தோட்டத்துக்காக வழக்காடுவதற்கு ஒருவருக்கும் உரிமை இருக்கவில்லை. அங்கே நடந்து பழகிய மக்கள் இல்லை. இன்று வெனெத்தோ வீதியும் அதன் ஓட்டல்களும் நிற்கும் இடம் பெரும்பாலும் அந்தத் தோட்டமே. ஒரு சிறு மாளிகை மட்டும் எஞ்சியது.

இந்த நிலைமையில், 1885இல், போர்கேசே குடும்பத் தலைவராயிருந்த ஐந்தாம் மார்க்கந்தோனியோ தம் தோட்டத்தின் வாயில்களை மக்களுக்கு மூட முற்பட்டார். உரோமாபுரி மாநகரசபை மக்களின் பேரால் வழக்குத் தொடுத்தது.

இளவரசரின் பக்கத்து நியாயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நிலம் அவருடையது, உறுதி அவர் பெயரில், மரம் நட்டதும் நீர் பாய்ச்சியதும் காவல் வைத்ததும் அவர் முன்னோரின் பணம். மக்களை உள்ளே விட்டது பெருந்தன்மை. பெருந்தன்மை காட்டியவனை அதே காரணத்தினால் கட்டிப்போடுவது முறையா? நாளை எவன்தான் தன் வாயிலைத் திறந்து வைப்பான்?

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி புதியதன்று. ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்ற உரோம ஒல்லாந்துச் சட்டமே இலங்கையின் பொதுச் சட்டம். பிறர் காணியினூடே வழியுரிமை என்னும் கருத்து அதன் மூலமாக உரோமாபுரியிலிருந்தே நம்மிடம் வந்தது. பத்து ஆண்டுகள் இடையறாது, எதிர் உரிமையோடு ஆண்டு அனுபவித்தவனுக்கு உரிமை உண்டாகும் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. ஆனால் உடையவனின் அனுமதியோடு நடந்தவன், எத்தனை ஆண்டு நடந்தாலும், அந்த அனுமதியைக் கொண்டே உரிமை கொண்டாட முடியாது என்பதும் நம் நீதிமன்றங்கள் பலமுறை சொன்னதே. அவ்வாறாயின் உரோமாபுரி மக்களின் நடை எந்த வகையைச் சேர்ந்தது? அனுமதியா, உரிமையா?

வழக்கு முடியுமுன்னரே, 1886இல், முதிய இளவரசர் காலமானார். 1887இல் உரோமாபுரியிலிருந்த உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தின் உடைமை போர்கேசே குடும்பத்துக்கே உரியது. ஆனால் அதில் உலாவும் உரிமை உரோமாபுரி மக்களுக்கு உண்டு. அந்த உரிமைக்காக வழக்காட மாநகரசபைக்குத் தகுதி உண்டு. இதுவே தீர்ப்பின் சாரம். தோட்டம் இளவரசருடையதாகவே இருந்தது. வாயிலை மூடும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லாமற் போயிற்று. உடைமை ஒருவருக்கும் பயன் பலருக்குமாக ஒரே நிலத்தில் இருக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அந்தத் தீர்ப்பை, பொதுச் சொத்தைப் பற்றி ஆராயும் இத்தாலியச் சட்ட அறிஞர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள்.

தீர்ப்பின் விளைவு பெரிது. உலாவும் உரிமை ஒரு நகரத்து மக்களுக்கு இருக்கும் காணியை எந்தக் கட்டடக் கம்பெனி வாங்கும்? துண்டாக்கி விற்பதற்கு உதவாத நிலமாயிற்று அது. மரங்கள் பிழைத்தன.

இதற்கிடையில் விதி வேறொரு விளையாட்டையும் ஆடியது. 1887ஆம் ஆண்டு முதல் உரோமாபுரியின் கட்டடச் சூதாட்டம் சரியத் தொடங்கியது. வங்கிகள் தள்ளாடின, பாதி எழுந்த வீடுகள் கூரையின்றி நின்றன. அந்தச் சூதாட்டத்தில் பணத்தைப் போட்டிருந்த புதிய இளவரசர் பவுலோ போர்கேசே கடனில் மூழ்கினார். 1892இல் நகரத்திலிருந்த குடும்ப அரண்மனையின் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. அங்கிருந்த ஓவியங்கள் முன்னரே தோட்டத்து மாளிகைக்கு வந்துவிட்டன. அவற்றுள் தித்தியானோவின் ஓர் ஓவியத்துக்கு மட்டும், அந்த மாளிகையும் கலைச்செல்வமும் முழுவதும் பெறும் என்று மதித்த தொகையிலும் அதிகமான பணத்தை வெளிநாட்டுச் செல்வர் ஒருவர் தரமுன்வந்தார் என்பர். அரசாங்கம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1901இல் மாளிகையையும் ஓவியங்களையும் தோட்டத்தையும் அரசாங்கமே வாங்கியது. மாளிகையை நூதனசாலையாகத் தன் கையில் வைத்துக்கொண்டு, தோட்டத்தை 1903இல் மாநகரசபையிடம் ஒப்படைத்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அது முறைப்படி மக்கள் பூங்காவாகத் திறந்து வைக்கப்பட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கொலையுண்ட மன்னர் உம்பெர்த்தோவின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பெயர்ப் பலகையில் அது இருந்தது. மக்கள் நாவில் ஏறவில்லை. அவர்களுக்கு அது என்றும் 'வில்லா போர்கேசே' தான். வாயிலை மூட முயன்ற குடும்பத்தின் பெயரை, வாயிலை வென்றெடுத்த மக்களே காப்பாற்றிக்கொடுத்தார்கள் என்பது வியப்பான செய்தி.

பூங்கா அதன் பின்னரும் வளர்ந்தது. அயலிலுள்ள பிஞ்சியோக் குன்றத்துப் பூங்காவோடு அதனை இணைக்க 1908இல் ஒரு பாலம் அமைந்தது. 1911இல் வடபுறத்தில் விலங்குக் காட்சிச்சாலை திறந்தது. இன்று ஏறக்குறைய 200 ஏக்கர் பரப்பில், உரோமாபுரியின் நடுவே பரந்து கிடக்கிறது அந்தச் சோலை. மேலைநாட்டு இசையில் ஈடுபாடுள்ள நேயர்கள், ஒத்தோரினோ ரெஸ்பீகி 1924இல் இயற்றிய 'உரோமாபுரியின் பைன் மரங்கள்' என்னும் இசைப் படைப்பைக் கேட்டிருப்பீர்கள். அதன் முதற்பகுதி இந்தத் தோட்டத்துப் பைன் மரங்களைப் பற்றியது. ஆனால் அதில் ஒலிப்பது மரங்களின் சலசலப்பன்று. மரநிழலில் வட்டமிட்டுப் பாடியும், போர்வீரரைப்போல அணிவகுத்தும் விளையாடும் பிள்ளைகளின் ஆரவாரம். கர்தினாலையோ இளவரசரையோ அந்த இசையில் தேடினால் காணமாட்டோம்.

நேயர்களே, ஒரு பெருந்தோட்டம் பொதுப் பூங்காவாகும் கதையைச் சொல்லும்போது, ஒரு வள்ளல் மனமுவந்து கொடுத்தார் என்றோ, ஓர் அரசாங்கம் பணம் கொடுத்து வாங்கியது என்றோ முடித்துவிடுவது வழக்கம். இங்கே கொடையும் உண்டு, விலையும் உண்டு. ஆனால் கொடுத்தவரின் வழித்தோன்றல் அதனைத் திரும்பப்பெற முயன்றார். விலை கொடுத்த அரசாங்கமோ பதினாறு ஆண்டுகள் கழித்தே வந்தது. இடையில் நின்று அந்த நிலத்தைக் காத்தவர்கள், மாலை நேரங்களிற் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நடந்து சென்ற பெயர் தெரியாத மக்கள். தாங்கள் ஓர் உரிமையைக் காத்து வருகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. காற்று வாங்கவே போனார்கள்.

சிப்பியோனே தம் கல்வெட்டைப் பெருமைக்காகவே எழுதியிருக்கலாம். ஆனால் கல்லில் எழுதிய வார்த்தையை நம்பி மக்கள் வந்தார்கள். வந்து வந்து அதனை மெய்யாக்கினார்கள். 270 ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த வார்த்தையிலிருந்து பின்வாங்க அவர் சந்ததியாராலும் முடியவில்லை. பொதுமக்களுக்கென்று திறந்து வைத்த இடங்கள் நம் ஊர்களிலும் உண்டு. அவற்றைக் காக்கும் முதல் வழி, அவற்றிற்குப் போய்வருவதே.